மேசைக்கு அடியில் பிறந்த யானைகள்

"யானை என்ன செய்யும் பாவம், மேசையத் தட்டுனது அதுவா?"

எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்தில் நின்றவளிடம் இப்படிச் சொன்னது காதில் விழுந்தது. உப்பாற்றின் படித்துறையில், அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் யானைக்காகக் காத்து நிற்கும் வரிசை அது. மற்றவள் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "தட்டுனவங்க தட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க, இது நின்னு தின்னுக்கிட்டிருக்கு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் எங்கள் தெருவின் இளையபெருமாள் ஐயா, மாநிலத்தின் நிதித்துறைச் செயலாளர், ஓய்வு பெறப்போகிறார். அவர் யானையின் காலில் கயிறு கட்டுவாரா மாட்டாரா என்பதைத்தான் தெரு முழுவதும் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தது.

எங்கள் மாநிலம் பணக்கார மாநிலம். மலையில் சிவப்புக் கல், கடலில் துறைமுகம், இரண்டுக்கும் நடுவில் வெண்கரை என்கிற தலைநகரம். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், உலகத்தில் எங்கெங்கோ மாளிகை கட்டுகிறவர்களுக்கெல்லாம் எங்கள் கல்தான் வேண்டும் என்று தோன்றிவிட, கல்லின் விலை மூன்று மடங்கு ஏறி, கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வரிசை கட்டி நின்றன. அந்த வருடத்து பட்ஜெட்டில் நிதியமைச்சர் எழுந்து நின்று, அரசு ஊழியர்களுக்கு ஓய்வுக்குப் பின் கடைசி மூச்சு வரை ஓய்வூதியமும், அவர்களுக்கும் அவர்கள் துணைக்கும் கடைசி மூச்சு வரை இலவச வைத்தியமும் உண்டு என்று அறிவித்தார். உறுப்பினர்கள் வழக்கம்போல மேசையைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும் முன்பே, தட்டப்பட்ட ஒவ்வொரு மேசைக்கு அடியிலிருந்தும், நெற்றி நிறைய ரோமமும் உடம்பு நிறைய ஈரமுமாக, ஒரு யானைக்குட்டி தவழ்ந்து வெளியே வந்தது. சபாநாயகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "உறுப்பினர்கள் கால்களை மடக்கிக்கொள்ளவும்" என்றார். குட்டிகள் நடுவழியாக நடந்து, படியிறங்கி, சாலையில் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து, எந்தத் தெருவுக்காக அறிவிக்கப்பட்டதோ அந்தத் தெருவுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தன. போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த எங்கள் பணிமனைத் தெருவுக்கு வந்தது, இடது காதில் சின்னதாக ஒரு மடிப்பு உள்ள பெண் குட்டி. அது குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த எங்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்தது.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. நல்லது நடக்கும்போது அது எப்படி நடந்தது என்று கேட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எதிர்வீட்டு சொர்ணத்தாய் அத்தை, ஓய்வு பெற்ற நர்ஸ், குட்டியின் தொப்புளுக்கு மஞ்சள் தடவிவிட்டு, "பொட்டப்பிள்ளை, தங்கும்" என்றாள். என் அப்பா தவசிமுத்து, பணிமனையில் என்ஜின் மெக்கானிக்காக இருந்தவர், அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்தார்.

முதல் மாதம் ராசாத்தியைக் கட்டவில்லை. அது ஒரு சாயங்காலம் நடந்து பக்கத்துத் தெருவுக்குப் போய்விட, அந்த மாதம் எங்கள் தெருவின் ஓய்வூதியம் முழுவதும் பக்கத்துத் தெருக்காரர்களின் கணக்கில் போய் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கயிறு கட்டும் வழக்கம் வந்தது. ஓய்வு பெறுகிறவர் முந்தின இரவே தேங்காய்நார்க் கயிற்றைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் மாலை போட்டு, இனிப்பு கொடுத்து, ஊறிய கயிற்றை யானையின் காலில் தன் கையாலேயே கட்ட வேண்டும். ஈரக் கயிறு காயக் காய முடிச்சு இறுகிவிடும், பிறகு விரலால் அவிழ்க்க முடியாது, அரிவாள்தான் வேண்டும். கட்டியவர் தவிர வேறு யாரும் அறுக்கக்கூடாது என்று பிற்பாடு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கயிறு ஒன்றுக்குத் தினம் ஒரு கவளம், அரசுத் தீவனக் கிடங்கிலிருந்து வரும். குட்டி தின்றால் கட்டியவருக்கு ஓய்வூதியம் வரும், மருந்து வரும். அப்போது ஒரு கவளம் எலுமிச்சம்பழ அளவுதான். அமைச்சர்கூட ஒரு கூட்டத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இவ்வளவுதான் செலவு" என்று சொன்னார், கூட்டமும் அந்த உள்ளங்கையைப் பார்த்துக் கை தட்டியது.

கல் விலை ஏறியபடியே இருந்தது, மேசைகளும் தட்டப்பட்டபடியே இருந்தன. பாதி மின்கட்டணத்துக்கு யானை வந்தது, பேருந்தில் இலவசமாகப் போவதற்கு யானை வந்தது, கல்லூரியில் என் படிப்புக்கு வந்த யானையை நான் விடுதி ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன், மெலிந்த, கூச்சமுள்ள யானை. குவாரி முதலாளிகளுக்கு வரி குறைத்த நாளில் பிறந்த யானைகள் மட்டும் எந்தத் தெருவுக்கும் போகவில்லை. அவை நேராகத் தீவனக் கிடங்கின் வாசலுக்குப் போய் நின்றுகொண்டன. வண்டிகள் உள்ளே வரும்போதே துதிக்கையை நீட்டி இரண்டு கட்டு கரும்பை எடுத்துக்கொள்ளும். உள்ளே வராத கரும்பு கணக்கில் ஏறாது என்பதால், அந்த யானைகள் எதுவுமே தின்பதில்லை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

எங்கள் யானைகளுக்கு நோய் வருவதில்லை, அவை சாவதில்லை. வளர்வது மட்டும் நிற்கவில்லை. எலுமிச்சம்பழம் தேங்காயானது, தேங்காய் பூசணிக்காயானது. நான் பொருளியல் படித்துவிட்டுத் தீவனக் கிடங்கில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்தபோது ஒரு கவளத்தை ஒரு ஆள் தூக்க முடியவில்லை, தள்ளுவண்டியில் வைத்துத்தான் தள்ளினார்கள். அதே வருடம் வேறொரு நாட்டில் எங்கள் கல்லைவிட மலிவான கல் கிடைத்துவிட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் கொடி அசைத்துவிட்டுப் போயின. தீவனம் ஒருநாள் தாமதமானதும் யானைகள் பிளிறின. அது காதில் கேட்கிற சத்தமாக இல்லை, நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற சத்தம். அதைக் கேட்டவர்களால் சோறு உருட்டி வாயில் வைக்க முடியவில்லை, நேரே சட்டமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள், உறுப்பினருக்கும் சோறு இறங்கவில்லை.

ஆகவே அடுத்த வருடக் கரும்பை இந்த வருடமே வெட்டிக்கொண்டு வந்தார்கள். விரல் தடிமனில், சாறு பிடிக்காத கரும்பு. யானைகள் இரண்டு மடங்கு தின்றன. அதற்கடுத்த வருடம் அதற்கடுத்த வருடத்துக் கரும்பு வந்தது, முளைவிட்ட விதைக்கரணையாக. பிறகு அரசுத் தென்னந்தோப்பின் ஓலைகள், பிறகு தோப்பு. யாரோ திருடுகிறார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது, நீதிபதி கிடங்கு கிடங்காக நடந்து பார்த்துவிட்டு, யாரும் திருடவில்லை, யானைகள் தின்னத்தான் தின்றிருக்கின்றன என்று எழுதிக்கொடுத்தார். அந்த அறிக்கையால் ஊருக்கு மனது விட்டுப்போனது, திருடன் இருந்திருந்தால் பிடித்திருக்கலாம்.

இளையபெருமாள் ஐயா இந்தச் சமயத்தில்தான் நிதித்துறைச் செயலாளர் ஆனார். அவருடைய அப்பா எங்கள் பணிமனையில் கண்டக்டராக இருந்தவர். மகன் பெரிய அதிகாரியான பின்னும் அப்பா கட்டிய இரண்டு அறை வீட்டை விட்டுப் போகவில்லை. சட்டமன்றத்தில் அதிகாரிகள் உட்காரும் மூலையில், முழங்காலில் கைகளைக் கோத்து வைத்தபடி இருப்பார், அங்கே மேசை தட்டாத கைகள் அவருடையவை மட்டும்தான். அவர் மேசைகளுக்கெல்லாம் இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டுப் பார்த்தார். உறுப்பினர்கள் தொடையைத் தட்டினார்கள், நாற்காலிக்கு அடியில் குட்டிகள் பிறந்தன. கடைசியில் அமைச்சரைப் பிடித்து உட்கார வைத்து, விளக்கிச் சொல்லி, இனிமேல் புதிய யானைகளே வேண்டாம், இருப்பதைக் கட்டுப்படுத்த ஒரு வாரியம் அமைக்கப்படும் என்று அறிவிக்க வைத்தார். இரண்டு தரப்பு உறுப்பினர்களும் மகிழ்ந்துபோய் எழுந்து நின்று மேசையைத் தட்டினார்கள். வாரியத்துக்குப் பிறந்த குட்டி எல்லாவற்றிலும் பெரியதாக இருந்தது.

பாலத்துக்கு யானை கிடையாது. உப்பாற்றுப் பாலத்தின் ஆணிகளுக்கு எண்ணெய் விடுவதையும், தூணில் அரித்த இடத்தில் சிமெண்ட் பூசுவதையும் யாரும் எழுந்து நின்று அறிவிப்பதில்லை, அறிவித்தாலும் யாரும் தட்டப்போவதில்லை. யானை இல்லாததால் பிளிறலும் இல்லை. தீவனம் போதாத ஒவ்வொரு வருடமும், பாலத்துக்கு வைத்திருந்ததை எடுத்துத்தான் முதலில் கவளம் உருட்டினார்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் நடுத்தூண் சாய்ந்தது. போலீஸ்காரர் இரண்டு தகர டிரம்மை உருட்டி வந்து குறுக்கே வைத்துவிட்டு, "பாலம் மூடியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே என் அண்ணி சுகிர்தாவுக்கு வலி எடுத்தது. அண்ணன் கப்பலில் இருந்தான். ஆஸ்பத்திரி அக்கரையில். அப்பா தகர டிரம் வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ராசாத்தியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராசாத்தி மண்டியிட்டது. கம்பளியை விரித்து அண்ணியை ஏற்றி, சொர்ணத்தாய் அத்தை பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்ள, ராசாத்தி காலில் தொங்கிய கயிறுகளெல்லாம் தண்ணீரில் மிதக்க, ஆற்றுக்குள் இறங்கி நடந்தது. நடு ஆற்றில் தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது. நானும் அப்பாவும் இக்கரையில் நின்றோம். அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது என்று அக்கரையிலிருந்து அத்தை சேலைத் தலைப்பை வீசிக் காட்டினாள்.

செய்தி எல்லா ஊருக்கும் போனது. பாலத்தைத் தின்ற யானைதான் அண்ணியைச் சுமந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. அடுத்த கூட்டத்தொடரில், பாலம் சரியாகும் வரை ஆற்றைக் கடக்க இலவச யானைப் படித்துறை அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்புக்குப் பிறந்த குட்டிகளில் ஒன்றைத்தான் இப்போது படித்துறையில் பார்க்கிறீர்கள். பாலம் சரியாகவில்லை.

அதற்குப் பிறகுதான் ஐயா வீடு வீடாக வரத் தொடங்கினார். கார் இல்லாமல், செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு. எங்கள் வீட்டுக்கு அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா பேரனை மடியில் போட்டுக்கொண்டு செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார், சொர்ணத்தாய் அத்தை உளுந்து கடன் வாங்க வந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, எல்லாரையும் கயிறு அறுக்கச் சொல்லலை" என்றார் ஐயா. "இந்தத் தெருவில பாதிப் பேருக்கு வேற வருமானமும் இருக்கு. அவங்க மட்டும் அறுத்தா, இந்தப் பிள்ளை பெரியவனாகும்போது கிடங்குல ஏதாவது மிஞ்சும்."

"நான் அறுத்தா குவாரிக்காரன் அறுப்பானா தம்பி?" என்றார் அப்பா. "அவன் யானை வாசல்லயே நின்னு மேயுதே."

"அவங்களையும் கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னான்?"

"தெருக்காரங்க அறுத்தா தாங்களும் அறுக்கோம்னு சொன்னாங்க."

அத்தை சிரித்தாள். "எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க. ஐயா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கக் கூடாது. அடுத்த சித்திரையில நீங்களும் ஓய்வு பெறப் போறீங்க. கயிறு வாங்கியாச்சா?"

ஐயா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கட்டப்போறதில்லை" என்றார்.

அப்பாவின் மடியில் இருந்த குழந்தை செய்தித்தாளை இழுத்தது.

"வீட்டம்மாவுக்கு?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். ஐயாவின் மனைவி வடிவாம்பாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை ஆற்றைக் கடந்து போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். வேலையில் இருக்கிறவரை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஓய்வுக்குப் பின் கயிறுதான்.

"அவகிட்ட சொல்லிட்டேன்" என்றார் ஐயா. "வீட்டை வித்தா கொஞ்ச காலம் ஓடும். கேட்கிறவன் கையில கயிறு இருந்தா யார் அண்ணாச்சி அறுப்பாங்க?"

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எதற்கும் சட்டென்று கலங்குகிறவர்தான், ஆனாலும் அன்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கட்டாம நின்னா, தம்பி, உன் பக்கத்துல நின்னு நான் முதல் ஆளா அறுக்கேன். இது என் பேரன் மேல சத்தியம்."

"அப்ப நானும்" என்றாள் அத்தை. "எனக்கென்ன, பென்ஷன் போனா ஊசி போட்டுப் பிழைச்சுக்குவேன்."

இரண்டு நாளில் தெரு முழுவதும் சத்தியம் செய்துவிட்டது. டீக்கடையில், முடிதிருத்தும் கடையில், எல்லோரும் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தார்கள். அந்த மாதங்களில் எங்கள் தெருவில் எல்லோரும் ஒருவரை ஒருவர் அன்பாகப் பார்த்துக்கொண்டார்கள். ராசாத்தியிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள், படித்துறையில் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நான் வீடு திரும்பியபோது, அப்பா கொல்லைப்புறத்தில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டி முடித்து, கட்டைவிரலால் கூர் பார்த்து, சுவரில் ஆணியில் மாட்டினார். "மக்ளே, உன் சம்பளத்துல வீடு ஓடுமா?" என்று கேட்டார். தற்காலிக எழுத்தருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் ஓடும் என்றேன். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், குழந்தையின் சளி மருந்துப் பாட்டிலை எடுத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

காலையில் தெரு கூடிவிட்டது. ராசாத்தி தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது, நாலு காலிலும் கயிறுகள் அடுக்கடுக்காக, பழையவை கறுத்து, புதியவை பொன்னிறமாக, எவருடைய முடிச்சு எது என்று அவரவருக்குத் தெரியும். செய்தி கேட்டுப் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள், எங்கள் தெரு அறுத்தால் தாங்களும் அறுப்பதாகப் பேசிக்கொண்டு. தூரத்தில் கண்ணாடி ஏற்றிய கார் ஒன்று நின்றது, குவாரிக்காரர்கள் ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். ஐயாவின் வீட்டு வாசலில் வடிவாம்பாள் அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஊசி குத்திக் குத்தி வீங்கிய இடது கையைத் துண்டால் மூடியபடி.

ஐயா வெள்ளை வேட்டியில் வந்தார், தோளில் துணிப்பை. மாலையை வேண்டாம் என்று கையால் மறுத்தார். யானையின் முன்னால் நின்று, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்தார்.

அப்பா முன்னால் போனார். ராசாத்தியின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து, தன் முடிச்சைக் கண்டுபிடித்து, விரல்களை அதன் மேல் வைத்தார். எங்களுக்கு எல்லாருக்கும் தெரிந்த முடிச்சு, பல வருடத்து மழையிலும் வெயிலிலும் இறுகி, கல்லாகிப்போன முடிச்சு. அப்பாவின் விரல்கள் அதைச் சுரண்டின, நகத்தால் இழுத்துப் பார்த்தன. அரிவாள் வீட்டில் ஆணியில் இருந்தது. நான் ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம், ஐந்து வீடு தள்ளித்தான். அப்பா நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை.

"வரமாட்டேங்குது தம்பி" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்க அண்ணாச்சி."

"பண்ணுதேன், பண்ணுதேன்."

அண்ணியின் இடுப்பில் குழந்தை இருமியது. நெஞ்சுக்குள் சளி கரகரத்தது எல்லோருக்கும் கேட்டது. அப்பா முடிச்சிலிருந்து கையை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் வந்து நின்றுகொண்டார். சொர்ணத்தாய் அத்தை தன் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். "வேற யாராவது தொடங்குங்களேன்" என்றது ஒரு குரல். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் காரைப் பார்த்தோம், கார் நின்றபடியே இருந்தது. ராசாத்தி துதிக்கையை நீட்டி ஐயாவின் தோளில் இருந்த துணிப்பையை முகர்ந்தது.

ஐயா காத்திருந்தார். வெயில் தொட்டியின் நிழலைத் தாண்டி அவர் காலடிக்கு வந்தது. கிடங்கிலிருந்து தள்ளுவண்டி வந்து, வழி கேட்டு மணி அடித்துவிட்டு, ஓரமாக நின்றது. ஐயா திரும்பி ஒருமுறை தன் வீட்டு வாசலைப் பார்த்தார்.

பிறகு தோளில் இருந்த துணிப்பையை இறக்கி, உள்ளே கை விட்டு, தேங்காய்நார்க் கயிற்றை எடுத்தார். கயிறு ஊறி, கனத்து, நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ராசாத்தியின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து, அப்பாவின் முடிச்சுக்கு மேலே, அதைக் கட்டினார்.